ஸ்டேஷனைச் சுற்றி வீடு: வட்டம் போடலாமா, மனைக்கு மனை விற்கலாமா, தெருவைத் திருத்தலாமா?

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடம், 63,246 கோடி ரூபாய் மதிப்பீடு. இவ்வளவு செலவழித்துப் போடும் ரயிலுக்கு, ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில் நிறைய பேர் குடியிருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. அதை எப்படி வரவழைப்பது என்பதில்தான் சண்டை. உள்ளாட்சியின் முன்னால் மூன்று வழி உண்டு. ஒன்று, ஸ்டேஷனை நடுவில் வைத்து வட்டம் போட்டு, உள்ளே இருக்கும் எல்லா மனைக்கும் ஒரே உயரம், ஒரே எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற விகிதம்) என்று சட்டமாக்கிவிடுவது. இரண்டு, விண்ணப்பிக்கிற ஒவ்வொரு மனைக்கும் கூடுதல் எஃப்.எஸ்.ஐ.யைக் கட்டணத்துக்கு விற்பது. மூன்று, ஸ்டேஷன் வட்டாரத்துக்கென்று தனிப் பகுதித் திட்டம் போட்டு, எந்தத் தெரு எவ்வளவு அகலமாக வேண்டும் என்று முதலில் முடிவு செய்து, அதற்கு இடம் விடுகிறவர்களுக்கு எஃப்.எஸ்.ஐ. கொடுப்பது.

நான் மூன்றாவதின் பக்கம். சென்னை போன்ற ஊருக்கு அதுதான் பொருந்தும் என்று முழுமையாக நம்புகிறேன். அதனால் மற்ற இரண்டையும் சுருக்கமாகவும் இதை விரிவாகவும் எழுதுகிறேன்.

வட்டம்

இதற்கு இன்றைக்குத் தெளிவான உதாரணம் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா. 2023 கடைசியில் அந்த மாகாணம் கொண்டுவந்த சட்டத்தில் கணக்கு மிக எளிது. வான்கூவரின் மெட்ரோவான ஸ்கைட்ரெயின் ஸ்டேஷனிலிருந்து 200 மீட்டருக்குள் குறைந்தது 20 மாடி வரை அனுமதிக்க வேண்டும், எஃப்.எஸ்.ஐ. 5. 200 முதல் 400 மீட்டர் வரை 12 மாடி, எஃப்.எஸ்.ஐ. 4. 400 முதல் 800 மீட்டர் வரை 8 மாடி, எஃப்.எஸ்.ஐ. 3. பெரிய பஸ் நிலையங்களைச் சுற்றியும் இதே முறையில் சிறிய வட்டங்கள். வட்டத்துக்குள் வீடு கட்ட அனுமதி உள்ள நிலத்தில், அந்த அளவுக்குட்பட்ட கட்டடத்தை உயரம் அதிகம், அடர்த்தி அதிகம் என்று காரணம் காட்டி நகராட்சி தடுக்க முடியாது. வீட்டுக்கு இத்தனை கார் நிறுத்துமிடம் வேண்டும் என்றும் கேட்க முடியாது. 2024 ஜூன் 30-க்குள் ஒவ்வொரு நகராட்சியும் தன் வட்டங்களை அறிவித்தாக வேண்டும் என்று கெடுவும் வைத்தார்கள்.

நியூசிலாந்து 2020-ல் எடுத்த வழியும் இதே ஜாதிதான். பெரிய நகரங்களில் வேகப் போக்குவரத்து நிறுத்தங்களிலிருந்து நடக்கும் தூரத்துக்குள் ஆறு மாடியாவது அனுமதிக்க வேண்டும் என்பது தேசிய உத்தரவு. கார் நிறுத்தத்துக்கான குறைந்தபட்ச எண்ணிக்கையை விதிப் புத்தகத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

வேகம் இதன் பெரிய பலம். பேரம் கிடையாது. மனை வைத்திருப்பவருக்குத் தன் இடத்தில் எவ்வளவு கட்டலாம் என்று அன்றைக்கே தெரியும். ஒரு வார்டில் எதிர்ப்பு பலமாக இருப்பதால் அந்த ஸ்டேஷன் மட்டும் தப்பித்துக்கொள்வதும் நடக்காது.

ஆனால் இந்த வட்டம் ஒரு விஷயத்தை ஏற்கெனவே முடிந்ததாக எடுத்துக்கொள்கிறது. வான்கூவரில் பழைய சர்வேயர்கள் சங்கிலி பிடித்து அளந்தபோதே தெருவுக்கு 66 அடி ஒதுக்கிவிட்டார்கள். 20 மீட்டருக்கும் மேல். 33 அடிக்கு 122 அடி மனை. மனைக்குப் பின்னால் 20 அடியில் தனியாக ஒரு சந்து; குப்பை வண்டியும் காரும் அதன் வழியே வரும். அவர்களுடைய கொல்லைச் சந்தின் அகலம்தான் நம் வளசரவாக்கத்திலும் சாலிகிராமத்திலும் பல வாசல் தெருக்களின் அகலம். அந்த 66 அடித் தெருவில் எட்டு மாடி வந்தாலும் தெரு தாங்கும். அதே விதியை 20 அடித் தெருவின் மேல் வைத்தால் என்ன ஆகும் என்பதைக் கீழே அடி அடியாகப் பார்க்கலாம்.

வட்டத்தில் இன்னொரு சின்னக் குறை உண்டு. காகிதத்தில் 400 மீட்டர் என்பது நேர்க்கோடு. நடுவில் ரயில்பாதையோ கால்வாயோ நீளமான காம்பவுண்டுச் சுவரோ இருந்தால் காலால் நடக்கும் தூரம் 900 மீட்டர் ஆகிவிடும். இதைத் திருத்துவது சுலபம். தெரு வழியாக அளந்து வரைந்தால் போதும்.

மனைக்கு மனை விற்பது

இது நம்மிடம் இருப்பது. 2019-ன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 18.30 மீட்டர் உயரத்துக்குள் அடங்கும் கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. 2, அதற்கு மேல் போகும் உயரமாடிக் கட்டடத்துக்கு 3.25. இதற்கு மேல் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. வாங்கிக்கொள்ளலாம். எவ்வளவு வாங்கலாம் என்பதைச் சாலை அகலம் தீர்மானிக்கிறது: 9 மீட்டர் சாலை என்றால் 30 சதவீதம், 12 மீட்டர் என்றால் 40, 18 மீட்டரும் அதற்கு மேலும் என்றால் 50. கட்டணம் வழிகாட்டி மதிப்பை ஒட்டியது.

9, 12, 18 மீட்டர் என்பது நம் பேச்சு வழக்கில் 30 அடி, 40 அடி, 60 அடி ரோடு. சாலை அகலத்தோடு முடிச்சுப் போட்டது சரியான எண்ணம்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். குறை என்னவென்றால், முடிச்சு போட்டார்கள், அகலத்தை வரவழைக்க எந்த ஏற்பாடும் செய்யவில்லை. ஆற்காடு சாலையைப் பாருங்கள். நான்காம் வழித்தடம் கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமம், ஆழ்வார்திருநகர், வளசரவாக்கம் என்று அதன் மேலேயே போகிறது. பெரிய சாலையைப் பார்த்த பெரிய மனைக்குத்தான் உயரமாடி, முழுப் பிரீமியம், எல்லாம் கிடைக்கும், 3.25-க்கு மேல் பாதி சேர்ந்து 4.87 வரை போகலாம். அந்த மனையிலிருந்து இரண்டாவது திருப்பத்தில், ஸ்டேஷனுக்கு மூன்று நிமிட நடையில், 20 அடித் தெருவில் இருக்கும் ஒரு கிரவுண்டுக்கு ஒன்றும் கிடையாது. ஸ்டேஷன் வட்டாரத்தின் பெரும்பங்கு நிலம் அந்த உள்தெருக்களில்தான் இருக்கிறது. ஆக அடர்த்தி சாலையோரத்து ஒற்றை வரிசைக்கு மட்டும் வருகிறது. அங்கேயும் பெரிய மனை, விலை உயர்ந்த நிலம், வாங்கிய எஃப்.எஸ்.ஐ. எல்லாம் சேர்ந்து மூன்று படுக்கையறை, இரண்டு கார் வீடாகத்தான் விற்றாக வேண்டியிருக்கிறது. தினமும் மெட்ரோவில் ஏறக்கூடியவர்கள் அந்த விலைக்கு வர முடியாது.

கட்டணம் எங்கே போகிறது என்பதும் முக்கியம். அது பொதுக் கணக்கில் சேர்கிறது. வளசரவாக்கத்தில் வசூலானது வளசரவாக்கத்துப் பாதாளச் சாக்கடைக்கே செலவாக வேண்டும் என்ற பூட்டு கிடையாது.

இந்த வழியின் நல்லதையும் சொல்ல வேண்டும். அலுவலகத்துக்கு எளிது, வருமானம் உடனே, எந்த வரைபடத்துக்கும் காத்திருக்க வேண்டாம். ஏற்கெனவே 40, 60 அடிச் சாலைகளோடு போட்ட லேஅவுட்டில் இது ஒழுங்காகவே வேலை செய்யும். அண்ணா நகர் அப்படிப்பட்ட இடம். அங்கே வட்டமும் வேலை செய்யும், பிரீமியமும் வேலை செய்யும். பகுதித் திட்டம் போட்டுக் காலத்தைக் கடத்துவது அங்கே வீண்.

20 அடித் தெரு என்ன தாங்கும்

இனி எல்லாவற்றையும் முடிவு செய்கிற விஷயம். மேலே சொன்ன மூன்று வழிகளில் எதை எடுத்தாலும் கடைசியில் தெரு அகலத்தில்தான் வந்து முட்டும்.

20 அடி என்பது 6.1 மீட்டர். இரண்டு பக்கமும் கார் நிறுத்தினால் ஒரு காருக்குச் சுமார் 1.8 மீட்டர். மிச்சம் 2.5 மீட்டர். தீயணைப்பு வண்டியின் அகலமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதுவும் 6.1 மீட்டர் முழுதாகக் கிடைத்தால். வாசல் சரிவு, படிக்கட்டு, இ.பி. பாக்ஸ், மழைநீர் வடிகாலின் உயர்ந்த மூடி என்று ஆளுக்கு ஒன்றாகத் தெருவுக்குள் நீட்டியிருப்பதைக் கழித்தால் வண்டி நுழையாது. நடப்பவருக்கு இடமே இல்லை. ஸ்டேஷன் பக்கத்தில் வீடு வைப்பதே நடந்து போவதற்காக. அந்தத் தெருவில் குழந்தையைக் கையில் பிடித்து நடக்க முடியவில்லை என்றால் ஆட்டோ ஏறுவார்கள், அல்லது பைக் எடுப்பார்கள்.

30 அடி என்றால் 9.14 மீட்டர். நடைபாதைக்கு, சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் குறைந்த அகலம் 1.8 மீட்டர், இரு பக்கமும் சேர்த்து 3.6. ஒருவழிப் பாதைக்கு 3.5. ஒரு பக்கம் மட்டும் வண்டி நிறுத்த 2. மொத்தம் 9.1. கச்சிதமாக உட்கார்கிறது. அதாவது 20 அடிக்கும் 30 அடிக்கும் நடுவில் இருக்கும் பத்து அடிதான், தெரு அடர்த்தியைத் தாங்குமா தாங்காதா என்பதைப் பிரிக்கும் கோடு.

அந்தப் பத்து அடிக்குக் கணக்கு: பக்கத்துக்கு ஐந்து அடி. 40 அடிக்கு 60 அடி அளவுள்ள ஒரு கிரவுண்டு மனை, அதாவது 2,400 சதுர அடி, முன்பக்கம் ஐந்து அடி விட்டால் போவது 200 சதுர அடி, மனையில் 8.3 சதவீதம்.

இதை அரசு காசு கொடுத்து எடுத்தால்? சந்தை விலை சதுர அடி 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2013-ன் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில் நகர்ப்புற நிலத்துக்குச் சந்தை மதிப்பின் மேல் இன்னொரு நூறு சதவீதம் ஆறுதல் தொகை உண்டு. ஆக இரண்டு மடங்கு. மனைக்கு 40 லட்சம். தெருவுக்கு 40 மனை என்றால் 16 கோடி, அதுவும் 800 அடி நீளமுள்ள ஒரே ஒரு தெருவுக்கு. ஒரு ஸ்டேஷனைச் சுற்றி இப்படிப் பத்துத் தெரு. எந்த மாநகராட்சியும் இதைத் தொடாது.

எஃப்.எஸ்.ஐ.யாகக் கொடுத்தால் கணக்கே மாறுகிறது. தெரு 30 அடியாக அறிவிக்கப்பட்டால் இந்த மனைக்கு 2-க்கு மேல் 30 சதவீதம், அதாவது 2.6. விட்ட 200 அடியையும் சேர்த்து முழு 2,400-க்கே கணக்கிட வேண்டும், அது முக்கியம். 4,800 சதுர அடி கட்டக்கூடிய இடத்தில் 6,240. இருநூறு சதுர அடி நிலத்தை விட்டு 1,440 சதுர அடி கட்டும் உரிமை பெறுகிறார் உரிமையாளர். தெரு 40 அடியாக வேண்டிய இடத்தில் பக்கத்துக்குப் பத்து அடி, 400 சதுர அடி, ஆறில் ஒரு பங்கு, பதிலுக்கு 2.8, அதாவது 1,920 சதுர அடி கூடுதல். 12 மீட்டரைத் தொட்டுவிட்டால் மனைகள் இணைந்தால் உயரமாடிக்கும் வழி பிறக்கும்.

விடுகிற இடத்தின் மதிப்பு வரை பிரீமியம் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்பது என் நிலை. இடத்தையும் கொடுத்துப் பணத்தையும் கட்டு என்றால் யாரும் முன்வர மாட்டார்கள். பழைய 20 அடித் தெருவில் பழைய 2-ஐயே கட்டிக்கொண்டு போவார்கள். அடுத்த நாற்பது வருடத்துக்கு அந்தத் தெரு பூட்டிக்கொள்ளும்.

பகுதித் திட்டம் நடைமுறையில்

இந்தியாவில் இதற்குப் பக்கத்தில் வந்த ஊர் அகமதாபாத். அங்கே பி.ஆர்.டி.எஸ். (தனிப் பாதையில் ஓடும் பஸ்), மெட்ரோ வழித்தடங்களின் இரு பக்கமும் 200 மீட்டர் தனி மண்டலம், எஃப்.எஸ்.ஐ. 4 வரை. அடிப்படை 1.8 இலவசம், மிச்சத்துக்கு ஜந்த்ரி என்கிற அவர்களுடைய வழிகாட்டி மதிப்பில் 40 சதவீதம் கட்டணம். இதுவரை பார்த்தால் நம் பிரீமியம் மாதிரியேதான். வேறுபாடு அடியில் இருக்கிறது. குஜராத்தில் நூறு வருடமாக டவுன் பிளானிங் ஸ்கீம் போட்டுப் பழகியிருக்கிறார்கள்: எல்லா உரிமையாளரும் மூல மனையில் ஒரு பங்கை விட்டு, சாலையும் பூங்காவும் போட்ட பிறகு ஒழுங்கான இறுதி மனையைத் திரும்பப் பெறுவது. ஆஷ்ரம் ரோடு பகுதிக்கு உள்ளூர்த் திட்டம் போட்டபோதும் அதே பழக்கத்தைக் கட்டி முடித்த பகுதிக்குள் கொண்டுவர முயன்றார்கள். பெரிய பெரிய மனைக் கூட்டங்களை நடுவில் பிளந்து புதுத் தெரு. இடம் விட்டவருக்குக் கட்டும் உரிமை குறையாது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். காலி நிலத்தில் இந்த முறை நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு அகமதாபாத் முழுக்கச் சாட்சி. கட்டி நிறைந்த பழைய தெருவில், சின்னச் சின்ன மனையில், முழுவதும் முடித்துப் பலனை அளந்து காட்டிய அனுபவம் குறைவு. சென்னை எடுத்துக்கொண்டால் பாதி வழி தானே போட்டுக்கொண்டுதான் போக வேண்டும்.

கருவி நம்மிடமே இருக்கிறது. 1971-ன் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் விரிவான வளர்ச்சித் திட்டத்துக்கு இடம் உண்டு, அலுவலகத்தில் டி.டி.பி. என்பார்கள். அதை ஸ்டேஷன் அளவுக்குச் சுருக்கிப் போட்டால் போதும். வேலையின் வரிசை இப்படி இருக்க வேண்டும்.

முதலில் நடைவழி அளவு. ஸ்டேஷனின் ஒவ்வொரு வாயிலிலிருந்தும் தெரு வழியாக 500 மீட்டர் எங்கே முடிகிறதோ அதுதான் எல்லை. பெரும்பாலும் நட்சத்திர வடிவில் வரும். எங்கே உள்ளே ஒடுங்குகிறதோ அங்கே ஒரு குறுக்குச் சந்து திறந்தால் எல்லை விரியும் என்பதும் அந்தப் படத்திலேயே தெரிந்துவிடும்.

அடுத்து தெரு அகலம். இதில்தான் பெரும்பாலான திட்டங்கள் கெட்டுப்போகின்றன. தார் போட்ட அகலம் ஒன்று, மாநகராட்சிச் சாலைப் பதிவேட்டில் உள்ளது ஒன்று, எஃப்.எம்.பி. என்கிற நில அளவை வரைபடத்தில் உள்ளது ஒன்று, காம்பவுண்டுச் சுவருக்கும் சுவருக்கும் நடுவில் டேப் பிடித்தால் வருவது இன்னொன்று. நான்கையும் ஒரே அட்டவணையில் எழுத வேண்டும். பல தெருக்களில் பதிவேட்டில் 24 அடி இருக்கும், இடத்தில் 19 இருக்கும். அந்த ஐந்தடி ஆக்கிரமிப்பை மீட்டாலே பாதி வேலை முடிந்தது, யாரிடமும் எதையும் கேட்க வேண்டாம். தெருவின் முழு நீளத்துக்கும் 15 மீட்டருக்கு ஒரு தடவை அளக்க வேண்டும், ஏனென்றால் ஒரே இடத்தில் குறுகினாலும் தீயணைப்பு வண்டிக்கு அந்த இடம்தான் தெருவின் அகலம்.

மூன்றாவது, எல்லாத் தெருவையும் அகலப்படுத்தக் கூடாது. இந்த ஆசையில் விழுந்த திட்டம் எதுவும் நடக்காது. ஸ்டேஷனிலிருந்து நாலா பக்கமும் போகும் முக்கியத் தெருக்களில், சுமார் 100 மீட்டருக்கு ஒன்று என்று தேர்ந்தெடுத்து அவற்றை மட்டும் 30 அல்லது 40 அடி ஆக்கலாம். மற்றவை இருக்கிற அகலத்திலேயே, இருக்கிற எஃப்.எஸ்.ஐ.யிலேயே இருக்கட்டும். தனி வீடும் பழைய வீடும் அதிகமாக உள்ள தெருவைத் தேர்ந்தெடுத்தால் வேகமாக நடக்கும். சமீபத்தில் ஸ்டில்ட் (கார் நிறுத்தத் தூண்கள் மட்டும் உள்ள கீழ்த்தளம்) வைத்துக் கட்டிய ஃபிளாட்டுகள் நிறைந்த தெருவைத் தேர்ந்தெடுத்தால் முப்பது வருடம் ஒன்றும் அசையாது.

நான்காவது செட்பேக், அதாவது மனை எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவில் விட வேண்டிய காலி இடம். இதை மறந்தால் மேலே போட்ட கணக்கெல்லாம் காகிதத்தில்தான். 40 × 60 மனையில் முன்னால் ஐந்தடி தெருவுக்கு விட்ட பிறகு, பக்கங்களிலும் பின்னாலும் ஐந்தைந்து அடி, முன்னால் இன்னும் ஐந்தடி விட்டால் கட்டடத்துக்கு மிஞ்சுவது 30 × 45, அதாவது 1,350 சதுர அடி. 6,240-ஐ அதில் வகுத்தால் ஐந்து தளம் வேண்டும், கீழே ஸ்டில்ட். உயரம் 18 மீட்டரைத் தொடுகிறது. உயரம் ஏற ஏறப் பக்க செட்பேக்கும் ஏறும் என்று விதி இருந்தால் 30 அடி அகலம் 20 அடியாகி, கொடுத்த எஃப்.எஸ்.ஐ.யைக் கட்டவே முடியாது. அதனால் பகுதித் திட்டத்துக்குள் தேர்ந்தெடுத்த தெருக்களுக்குத் தனி செட்பேக் எழுத வேண்டும்: தெருவுக்கு விட்ட இடமே முன் செட்பேக்காகக் கணக்காகட்டும், இரண்டு மனை இணைந்தால் நடுவில் உள்ள பக்க செட்பேக் போகட்டும். இரண்டு கிரவுண்டு இணைந்தால் காற்றும் வெளிச்சமும் லிஃப்ட் செலவும் எல்லாமே நன்றாக வரும். அதனால் இணைப்புக்குச் சின்னக் கூடுதல் கொடுப்பதும் நியாயம்.

கார் நிறுத்தம் சுருக்கமாக. அந்த 1,350 சதுர அடி ஸ்டில்ட்டில் படிக்கட்டு, லிஃப்ட், மீட்டர் போர்டு எல்லாம் போக 1,150 மிஞ்சும். வண்டி திரும்பும் இடத்தோடு சேர்த்து ஒரு காருக்கு 250 முதல் 300 வரை. நான்கு கார். ஐந்து தளத்தில் பத்துச் சின்ன வீடு கட்டலாம். வீட்டுக்கு ஒரு கார் இடம் என்று கேட்டால் நான்கு பெரிய வீடுதான் கட்ட முடியும். பிரிட்டிஷ் கொலம்பியாக்காரர்கள் செய்ததில் நாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த ஒன்று: ஸ்டேஷன் எல்லைக்குள் குறைந்தபட்ச எண்ணிக்கையை எடுத்துவிடுவது. அதோடு தெருவில் நிறுத்தக் கட்டணம் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கார் எல்லாம் விட்ட ஐந்தடியில் வந்து நிற்கும்.

எங்கே சறுக்கும்

தெருமுனை. பெரிய சாலையிலிருந்து திரும்பும் வாய்தான் பெரும்பாலும் குறுகலான இடம். அங்கே ஒரு பக்கம் கடை, இன்னொரு பக்கம் பிள்ளையார் கோயில், பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர். உள்ளே பத்து மனைக்காரர்கள் இடம் விட்டு முனை அப்படியே இருந்தால் பயன் இல்லை. பொதுப் பணத்தைப் போட வேண்டிய இடம் இதுதான்: முனையில் உள்ள இரண்டு மனைக்கு மட்டும் விலை கொடுத்து எடுக்கலாம், டிரான்ஸ்ஃபார்மரை மாற்றிவிடலாம். தெரு முழுக்க 16 கோடி என்பது முனைக்கு மட்டும் என்றால் ஒரு கோடிக்குள் அடங்கும்.

பல்வரிசை. ஒருவர் இடிக்கும்போது ஐந்தடி விடுவார். பக்கத்து வீட்டுக்காரர் இருபது வருடம் கழித்து விடுவார். நடுவில் தெரு பல் போன மாதிரி இருக்கும். இது தவிர்க்க முடியாதது. ஆனால் விட்ட இடம் பத்திரத்தில் மட்டும் மாநகராட்சிக்குப் போய், தரையில் பழைய சொந்தக்காரரின் கார் நிற்கும் இடமாகவே இருப்பது தவிர்க்கக்கூடியது. தானப் பத்திரம் பதிவானதும் வடிகாலைப் புதிய எல்லைக்கு நகர்த்தி நடைபாதை மட்டத்துக்குத் தளம் போட்ட பிறகே கட்டட முடிவுச் சான்று என்று கட்டிவைக்க வேண்டும். செலவு கட்டுபவருடையது, அளவு மாநகராட்சியுடையது.

கையெழுத்து. தனி வீட்டுக்காரர் ஒரே நாளில் தானப் பத்திரம் போட்டுவிடுவார். ஆறு ஃபிளாட் உள்ள மனையில் ஐந்தடி நிலமும் ஆறு பேரின் யூ.டி.எஸ்., அதாவது பிரிக்கப்படாத பங்கு; ஆறு பேரும் கையெழுத்துப் போட வேண்டும், ஒருவர் வெளிநாட்டில், ஒருவர் வாரிசுச் சான்றுக்குக் காத்திருப்பார். கட்டடம் நிற்கும்போது இதைக் கேட்டுப் பயன் இல்லை. இடித்துக் கட்டும்போது கேட்டால் வழி உண்டு: 2022-ன் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் சம்மதித்தால் மறுகட்டுமானத்துக்குப் போகலாம். பில்டரோடு போடும் ஒப்பந்தத்திலேயே தெருவுக்கு விடும் இடத்தை அளவோடு எழுதிவிட வேண்டும். கடைசியில் நுழைத்தால் ஒவ்வொருவரும் தன் புது ஃபிளாட்டின் பங்கு குறைந்துவிட்டதாகச் சண்டைக்கு வருவார்கள்.

சாக்கடை. நாற்பது மனை, இப்போது மனைக்கு நான்கு வீடு, வீட்டுக்கு நான்கு பேர்: 640 பேர். தலைக்கு 135 லிட்டர், அதில் 80 சதவீதம் கழிவு என்ற வழக்கமான கணக்கில் நாளுக்கு 69,000 லிட்டர். மனைக்குப் பத்து வீடு ஆனால் 1,600 பேர், 1,72,800 லிட்டர். இரண்டரை மடங்கு. பழைய ஆறங்குலக் குழாயை அப்படியே விட்டு மேலே கட்டிக்கொண்டு போனால் முதல் மழைக்கே மேன்ஹோல் பொங்கும். அடர்த்தியே தப்பு என்று தெருவே சொல்லும். பிரீமியம் பணத்தை அந்த ஸ்டேஷன் எல்லைக்கென்று தனிக் கணக்கில் பூட்டி, முதல் செலவாகக் குழாயை மாற்ற வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதற்காகத்தான். தெரு அகலமாகும்போதே குழாயும் போட்டுவிட்டால் ஒரே வெட்டில் முடியும்.

காலம்தான் பகுதித் திட்டத்தின் உண்மையான பலவீனம், அதை மறைக்கவில்லை. வட்டம் போடுவதற்கு மாதங்கள் போதும். இதற்கு அளவெடுப்பு, ஆட்சேபணை கேட்பு, அறிவிப்பு எல்லாம் சேர்ந்து ஒரு ஸ்டேஷனுக்கே வருடங்கள் இழுக்கலாம். நூறு ஸ்டேஷனுக்கு மேல் வரும்போது எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் ஆள் இருக்காது. அதனால் கலந்துதான் போக வேண்டும். தெரு ஏற்கெனவே 40 அடி உள்ள இடங்களுக்கு வட்ட விதியை உடனே போட்டுவிடலாம். மற்ற ஸ்டேஷன்களுக்கு முழுத் திட்டம் வரும்வரை ஒரே ஒரு பக்க அறிவிப்பு: இந்த இந்தத் தெருக்களில் இனி வரும் கட்டடம் தெரு நடுக்கோட்டிலிருந்து 15 அடி தள்ளித்தான் நிற்க வேண்டும், விடும் இடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. உண்டு. வேறு எதுவும் எழுத வேண்டாம். ஸ்டேஷன் திறந்து நிலம் விலை ஏறி, 20 அடிக் கோட்டிலேயே புது ஃபிளாட்டுகள் எழும்பிவிட்ட பிறகு அந்த அறிவிப்புக்குப் பயன் கிடையாது. அதனால் தூண் எழும்பிக்கொண்டிருக்கும்போதே அது வெளிவர வேண்டும்.